சுவருக்குள் ஒரு ஜன்னல்

எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் அலமாரியின் மேல் ஒரு நீலப் பெட்டி இருக்கிறது. நான்கு சக்கரம், இரட்டை ஜிப், இழுத்தால் முனகாத கைப்பிடி. மலாக்கா, பினாங்கு, காரைக்குடி என்று நான் திட்டமிட்டிருந்த படிப்புப் பயணத்துக்காக மாமா தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. அது இன்றுவரை விமான நிலையத்தைப் பார்த்ததில்லை. செய்தது ஒரே ஒரு பயணம், அதுவும் எம்.ஆர்.டி. ரயிலில். மாமா எப்போது வந்தாலும் முதலில் அண்ணாந்து அதைத்தான் பார்ப்பார், என்னை நலம் விசாரிப்பது அதற்குப் பிறகுதான். “யாருக்காச்சும் இரவல் கொடுத்தியா?” என்பார். இல்லை என்றால் நம்ப மாட்டார். நாற்காலி போட்டு ஏறி, ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்தால்தான் மனசு ஆறும்.

மாமா என் அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் ஊரில் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றின் மூலைக் கடைவீட்டில், கீழே கடையும் மேலே மாடியுமான பழைய கட்டடத்தில், பயணப் பெட்டிகள் விற்றார். விடுமுறையில் ஊருக்குப் போகும் கட்டுமானத் தொழிலாளர்களும் கப்பல் பட்டறைத் தொழிலாளர்களும்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். பெட்டி வாங்க வருகிறவர்களின் முகத்தில் பாதி ஊர் வந்துவிட்டிருக்கும். மாமாவின் முகத்தில் மட்டும் சந்தேகம் இருக்கும். சரக்கு கொண்டுவருகிறவன் மீது சந்தேகம், பக்கத்துக் கடைக்காரர் சிரித்தால் சந்தேகம், வானிலை அறிக்கை மீது சந்தேகம். திருட்டைக் கண்காணிக்கக் கேமரா வைத்தவர், கேமராவையும் நம்பாமல் எதிரே ஒரு பெரிய கண்ணாடியை மாட்டியிருந்தார். “மனுஷன் பேச்ச கேக்காத, ஜிப்ப இழுத்துப் பாரு” என்பது அவர் எனக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிவந்த வாசகம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் குடும்பத்துக்கு நல்ல வெளிச்சத்திலும் பேய் தெரியும்.

ஏனென்றால் நாங்களும் அவரைச் சந்தேகப்பட்டோம். மாமி பிரிந்து போன பிறகு அவர் ஆங் மோ கியோ பகுதியில் இருந்த வீட்டில் தனியாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் கடையைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். ஆனால் அவர் வீட்டுக்கு யாரும் போகக்கூடாது. ரூமை வாடகைக்கு விட்டிருக்கிறேன், வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது, பெயின்ட் அடிக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். ஒருநாள் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் மீன் குழம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வாசல் கேட்டுக்கு வெளியே கல் பதித்த பெண்கள் செருப்பு ஒரு ஜோடி கிடந்ததாம். மணியை அடிக்காமலே திரும்பி வந்து, குழம்பை எங்களுக்கே ஊற்றினார். “பெல் அடிச்சிருக்கலாம்ல?” என்று கேட்டேன். “அடிச்சா அவ வந்து தொறப்பா. அப்புறம் நான் யாருன்னு சொல்றது?” என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ‘அவள்’ ஒருத்தி இருந்தாள். தம்பியாக வாய் திறந்து சொல்லட்டும் என்று அம்மா வைராக்கியமாகக் காத்திருந்தார். தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது கணக்கில் வராத ஒரு சேலையும் எடுப்பார். யாருக்கு என்றால், “இருக்கட்டும்லா” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

நான் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டில் எங்கள் வடிவமைப்பு வகுப்பான ஸ்டுடியோவுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பழைய கடைவீடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு மூலை விடாமல் அளந்து, உள்ளதை உள்ளபடி வரைய வேண்டும். பிறகு அதற்குள் புதிதாக ஒன்றை வடிவமைக்க வேண்டும். யாருடைய வரைபடம் நன்றாக இருக்கிறதோ அந்த ஒருவருக்குக் கட்டடக்கலைப் பள்ளியின் செலவில் படிப்புப் பயணம். அந்த இடம் எனக்குத்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். என் பயணத் திட்டம் முற்றங்களைப் பற்றியது. ஒவ்வொரு ஊரிலும் முற்றம் வைத்த பழைய வீடு ஒன்றைப் பிடித்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே இடத்தில் உட்கார்ந்து, வெயில் எந்தத் தூணில் ஏறி எந்தப் படியில் இறங்குகிறது என்று வரைந்துகொண்டே இருப்பது. “இது பயணமா, தவமா?” என்று ஸ்டுடியோ ஆசிரியை சிரித்தார். ஆனாலும் அவருக்குப் பிடித்திருந்தது. வடிவமைப்பும் அதையொட்டித்தான். தேக்கா கடைவீடுகளில் முன்பு பின்முற்றம் இருந்திருக்கும், காலப்போக்கில் மூடியிருப்பார்கள். அதைக் கண்டுபிடித்துத் திறந்து, கடைக்குள் காற்றும் வெளிச்சமும் வரவைப்பது. மாமா கடையைவிட வசதியான இடம் வேறு எது?

மாமாவுக்கு அது வசதியாகப் படவில்லை. “யாரு அனுப்புனா உன்ன?” என்பதுதான் முதல் கேள்வி. பள்ளியில் என்றேன். “பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு என் கடை அளவு? ஆர்ச்சர்ட் ரோட்டுல எவ்ளோ கட்டடம் இருக்கு, அத அளக்கட்டுமே. ஓனர் எதுவும் சொன்னாரா? இடிக்கப் போறாங்களா?” என் மாணவர் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பெற்ற பிள்ளை மாதிரி தூக்கி வளர்த்த மருமகளின் அட்டை. எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. கடைசியில், தான் இருக்கும்போது மட்டும் அளக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். இன்னொரு நிபந்தனையும் போட்டார். “பின்னாடி அடுக்கி வெச்சிருக்கிற பெட்டிய மட்டும் தொடாத. சாஞ்சா தலையில விழும்.”

கடையின் பின்பக்கம் தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள்தான். அடிவரிசையில் பெரிய பழுப்பு நிறப் பெட்டிகள், யாரும் கேட்காத பழைய மாடல். நான் லேசர் மீட்டரை வாசலில் வைத்துப் பின்சுவர்வரை அளந்தேன். பிறகு வெளியே போய், பக்கத்துச் சந்தோரமாக அதே நீளத்தை அளந்தேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை. உள்ளளவு கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் குறைந்தது. என் கை நடுங்கியிருக்கும் என்று டேப்பை எடுத்து மறுபடி அளந்தேன். அப்போதும் அப்படியே. எரிச்சலோடு சந்தில் நின்று சுவரை அண்ணாந்து பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. பின்கோடியில், எட்டாத உயரத்தில், கண்ணாடிப் பட்டைகள் வைத்த ஒரு சின்ன ஜன்னல். அந்தக் கடைக்குள் நான் குழந்தையிலிருந்து வந்துபோகிறேன். உள்ளே அப்படி ஒரு ஜன்னல் கிடையாது.

அளவு ஒத்துப்போகவில்லை என்று ஆசிரியையிடம் சொன்னேன். “கட்டடம் பொய் சொல்லாது. போய்ப் பார்” என்று அனுப்பிவிட்டார். அதன் பிறகு எனக்கு வரைகிற வேலையே ஓடவில்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் மூக்கும் காதும் தனியாக வேலை செய்தன. பெட்டிகளின் பிளாஸ்டிக் வாசனைக்கு நடுவே சலவை சோப்பு வாசனை வந்தது. ஒருநாள் சந்தில் நின்றபோது, அந்த ஜன்னலுக்குள்ளிருந்து ரேடியோவில் யாரோ தமிழில் செய்தி வாசிப்பது கேட்டது. பட்டைகளுக்கு இடையில் கை வைத்த பனியன் ஒன்று ஆடியது. கள்ள சிகரெட் பதுக்குகிறாரா? வேலை பெர்மிட் முடிந்த யாரையாவது ஒளித்துவைத்திருக்கிறாரா? அம்மா சொல்கிற ‘அவள்’ ஆங் மோ கியோவில் இல்லாமல் இங்கே இருக்கிறாளா? மாமா என்னைக் கண்ணாடியில் பார்த்தார். நான் மாமாவைக் கண்ணாடியில் பார்த்தேன். இருவரும் பெட்டிகளின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டோம்.

குட்டு உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்கா முழுக்கத் தலைகளாக இருந்த நேரத்தில். ஊருக்குப் புறப்படும் தொழிலாளி ஒருவருக்கு அடிவரிசையில் இருந்த பழுப்புப் பெட்டிதான் வேண்டுமாம். “அது விக்கிறதுக்கு இல்ல தம்பி” என்றார் மாமா. “என்ன அண்ணே, கடையில வெச்சுக்கிட்டு விக்கமாட்டேங்கிறீங்க?” என்று அவர் சிரித்துக்கொண்டே பெட்டியை உருவிவிட்டார். மேலே இருந்த வரிசை மொத்தமும் சரிந்தது. சரிந்த பெட்டிகளில் ஒன்று இடித்து, பின்னால் இருந்த பலகைக் கதவு மெதுவாகத் திறந்துகொண்டது. மாமா பதறவில்லை. அந்தத் தொழிலாளிக்கு வேறொரு பெட்டியைக் காட்டி, ஜிப்பை இழுத்துக் காட்டி, வியாபாரத்தை முடித்து அனுப்பிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். “பாத்துட்டில்ல? அளந்துக்க” என்றார்.

உள்ளே கள்ள சிகரெட் இல்லை. ஆளும் இல்லை. ஒரு மடக்குக் கட்டில், ஒரு சோற்றுப் பானை, குழாயில் வரிசையாகத் தொங்கிய இஸ்திரி போட்ட சட்டைகள், பாடிக்கொண்டிருந்த ரேடியோ. நான் தேடிக்கொண்டிருந்த பின்முற்றம் அதுதான். மேலே மூடியிருந்த பிளாஸ்டிக் தகடு வழியாக மத்தியான வெளிச்சம் பால்போலக் கட்டில் மீது விழுந்திருந்தது. சுவரில் ஓர் ஆணியில், ஆங் மோ கியோ வீட்டு வாசலில் இருந்த கதவிலக்கத் தகடு மாட்டியிருந்தது. கழற்றி எடுத்து வந்திருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அவரே சொன்னார். மாமி போனதும் வீட்டை விற்றாகிவிட்டது, வந்த பங்கு கடைக்குள் போய்விட்டது. “அக்கா வீட்டுக்கு வந்திருக்கலாம்தான். விருந்தும் மருந்தும் மூணு நாள்தான் பாப்பா. நாலாவது நாள் உங்கப்பா பேப்பர மடிச்சு வெச்சிட்டு என்னையே பாத்துட்டு இருப்பாரு.” கடையில் ஆள் தங்கக்கூடாது என்பது வாடகை ஒப்பந்தம். கட்டட உரிமையாளருக்குத் தெரிந்தால் படுக்கவும் இடம் போய்விடும், பிழைக்கவும் இடம் போய்விடும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். “எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க” என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார். நானும் சேர்ந்து அடுக்கினேன்.

அடுத்த ஞாயிறு சாப்பிட வந்தபோது அந்த நீலப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார். கடையிலேயே உயர்ந்த ரகம். “பினாங்குக்குப் போறால்ல, நல்ல பெட்டியா இருக்கட்டும்” என்று அம்மாவிடம் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இது பாசமா, வாய்ப்பூட்டா என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கும் மூக்கில் வியர்த்துவிட்டது. அவர் போனதும், “என்னடி திடீர்னு வாரிக் கொடுக்குறான்? உனக்கு எதாச்சும் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். சொல்லிவிட்டால் அம்மா அன்று இரவே தேக்காவுக்குப் போய்த் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துவந்துவிடுவார். சந்து முழுக்க அந்தச் செய்தி பரவிவிடும்.

வரைபடம் ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கியது. முற்றத்தை வரைந்தால் என் வடிவமைப்பு எழுந்து நிற்கும். ஆனால் அந்த வரைபடம் கண்காட்சிச் சுவரில் தொங்கும். யார் வேண்டுமானாலும் வந்து பார்ப்பார்கள். பின்கோடி அறையும் பலகைக் கதவும் அதில் ஊருக்கே தெரியும். சுவரை வரைபடத்தில் கறுப்பாக நிரப்புவது எங்கள் வழக்கம். நான் அந்த இரண்டு மீட்டரையும் சேர்த்து ஒரே சுவராகக் கறுப்பாக நிரப்பினேன். முற்றம் இல்லாததால் வடிவமைப்பையும் கடைசி நேரத்தில் மாற்றினேன். வந்தது உப்புச்சப்பில்லாத ஒன்று. ஆனால் வெளிப்பக்கத் தோற்றத்தை வரையும்போது அந்த ஜன்னலை வரையாமல் விட எனக்கு மனசு வரவில்லை. சந்தில் போகிற எவருக்கும் தெரிகிற ஜன்னல் அது.

மதிப்பீட்டு நாளில் வெளியிலிருந்து வந்திருந்த கட்டடக் கலைஞர் நேராக அங்கேதான் விரலை வைத்தார். கடைவீட்டில் இவ்வளவு தடித்த சுவரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். “இந்த ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும், செங்கல்லா?” என்று கேட்டபோது வகுப்பே சிரித்தது. நீ அந்த இடத்தை அளக்கவே இல்லை, அல்லது எதையோ மறைக்கிறாய் என்றார். கெட்டிக்காரர். “அளவில் பிழை” என்று மட்டும் சொன்னேன். ஆசிரியை என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பயணம் என் வகுப்புத் தோழி ஒருத்திக்குப் போனது. அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில் நான் அழுதேன், அதை இப்போது சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அந்த முற்றங்களின் வெயிலை நான் அவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன்.

அதன் பிறகு மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது நின்றுபோனது. கூப்பிட்டால் கடையில் கூட்டம் என்பார். கடைக்குப் போனால் கண்ணாடியில் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார். நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறார், அதுதான் விஷயம் என்று எனக்குத் தெளிவாகத் தோன்றியது. ஒரு பயணத்தையே விட்டுக்கொடுத்தும் இந்த மனுஷன் நம்பவில்லையே என்று உள்ளுக்குள் கொதித்தேன். நானும் போவதைக் குறைத்துக்கொண்டேன். அம்மா இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, “எல்லாம் அவ சொல்லிக் கொடுக்குறா” என்று அந்த இல்லாத பெண்ணின் தலையில் பழியைப் போட்டார். படிப்பு முடிந்து, வேலைக்குப் போய், பல வருடங்கள் இப்படியே ஓடின. நீலப் பெட்டி விலைச்சீட்டோடு அலமாரி மேலேயே கிடந்தது.

போன வருடம் திடீரென்று போன் செய்தார். “பாப்பா, பொங்கோல்ல அரசாங்க வீடு கெடச்சிருக்கு. சின்ன வீடுதான். சாவி கொடுத்துட்டாங்க. ஒரு பெட்டி வேணும், உன்கிட்ட இருக்கா?” பெட்டிக் கடைக்காரர் என்னிடம் பெட்டி கேட்டார். நீலப் பெட்டியை எடுத்துக்கொண்டு தேக்காவுக்குப் போனேன். பலகைக் கதவுக்குப் பின்னால் இருந்த அவருடைய குடித்தனம் முழுவதும் அந்த ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. கடைசியாகக் கதவிலக்கத் தகட்டைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்தார். தேக்காவை ஒட்டிய லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால் ஒரே ரயில், மாறாமல் பொங்கோல். வழி முழுக்கப் பெட்டியைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்தவர்களை ஒவ்வொருவராக நோட்டம் விட்டபடியே வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும், “அளவெடுக்குற சாமான் கொண்டாந்தியா? அளந்து பாரு. காகிதத்துல போட்டிருக்குறத விடக் குறைச்சுக் கட்டியிருப்பாங்க” என்றார். அளந்தேன். சரியாக இருக்கிறது என்றேன். “உன் மெஷின் சரியா இருக்கா?” என்றார். பிறகு ஜன்னலோரமாக நின்றுகொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடியே பேசினார். “கண்காட்சிக்கு நானும் வந்தேன் பாப்பா. நீ இல்லாத நேரமாப் பாத்து வந்தேன். கண்டிப்பா அந்த அறைய நீ வரைஞ்சிருப்பன்னு நெனச்சேன். உன்ன நம்பல. பாத்தா, கறுப்பா இருக்கு. பக்கத்துல நின்ன பொண்ணுகிட்ட, யாரு பயணம் போறான்னு கேட்டேன். அவதானாம். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்க வீட்டுல வந்து சோறு திங்குறது?” இத்தனை வருடமாக அவர் என்னைச் சந்தேகப்படுகிறார் என்று சந்தேகப்பட்டு வந்திருக்கிறேன். அவரோ தலை நிமிர்த்த முடியாமல் இருந்திருக்கிறார். என் பக்கம் திரும்பி, “ஆனா அந்த ஜன்னல மட்டும் ஏன் வரைஞ்ச? அதையும் அடைச்சிருந்தா ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான். படிச்ச புள்ளைக்கு இது தெரியாதா?” என்று திட்டினார்.

அந்த வாரமே அம்மாவை வரச்சொன்னார். அம்மா வந்ததும் முதலில் வாசலில் பெண்கள் செருப்பு கிடக்கிறதா என்றுதான் பார்த்தார். பிறகு சமையலறை, குளியலறை, கதவுகளின் பின்பக்கம். மாமா உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். “அப்ப அந்தச் செருப்பு?” என்றார் அம்மா. “வீட்ட வாங்குனவங்களோடதா இருக்கும்க்கா.” அம்மா எழுந்து போய்விட்டார். அழுகிறார் என்று நினைத்தோம். மறுநாள் ஒரு பெரிய துணிப்பையோடு வந்து, கட்டில் மீது கவிழ்த்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் கணக்கில் வராமல் வாங்கிய சேலைகள், மடிப்புக் கலையாமல். “உன் வீட்டுல இருக்குறவளுக்குடா. என்னைக்காவது மனசு வந்து கூட்டிட்டு வந்தீன்னா நான் வெறுங்கையோட நிக்கக்கூடாதுல்ல” என்றார். மாமாவால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒரு சேலையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, “சரிகை அசல்தானா?” என்று கேட்டார். அம்மா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

மாமாவின் புதுவீட்டுக்கு அலமாரி வரும்வரைக்கும் என்று அந்தச் சேலைகள் நீலப் பெட்டிக்குள் ஏறி, பெட்டி மறுபடி எங்கள் வீட்டு அலமாரி மேல் ஏறியது. இப்போது எனக்கு விடுப்பு கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் பினாங்குக்குப் போகிறேன், என் சொந்தச் செலவில், பழைய திட்டத்தின்படியே ஒரு முற்றத்தில் நாள் முழுக்க உட்காருவதற்கு. போன ஞாயிறு சாப்பிட வந்த மாமா வழக்கம்போல நாற்காலியில் ஏறி ஜிப்பை இழுத்துப் பார்த்தார். பிறகு பெட்டியையே இறக்கி, சக்கரத்தைத் துடைத்து, இத்தனை நாள் தொங்கிக்கொண்டிருந்த விலைச்சீட்டை வெட்டி எறிந்தார். இந்தச் சேலைகளை எங்கே வைப்பது என்று கேட்டேன்.

“என் வீட்டுல வை” என்றார்.

“இடம் இருக்கா மாமா?”

“நீதானே அளந்த?”